பார்த்தவர் எழுதாத நாடகம்

தமிழ் நவீன நாடகத்தின் பிரதிகள் இன்று பெருமளவு அச்சில் கிடைக்கின்றன. ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' கிடைக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'யும் 'ஔரங்கசீப்'பும் கிடைக்கின்றன. இவை மேடையில் எப்படி நிகழ்ந்தன என்று ஓர் இளைஞர் தேடினால் கைக்கு வருவது மிகக் குறைவு. யார் எப்படி நின்றார்கள், விளக்கு எங்கிருந்து விழுந்தது, அவை எந்த இடத்தில் சிரித்தது, எந்த இடத்தில் அடங்கியது என்பதற்கெல்லாம் விடை இல்லை. இதற்குக் காரணம் நம் நாடக விமர்சனம் பழகிப்போன ஒரு வழக்கம். கட்டுரையில் முக்கால் பங்கு கதைச் சுருக்கமாகவும் கருத்தியல் விவாதமாகவும் போய்விடும். கடைசிப் பத்தியில் நடிப்பு சிறப்பு, ஒளியமைப்பு நேர்த்தி, இசை பொருத்தம் என்று மூன்று வரி வரும். அந்த மூன்று வரியில்தான் நாடகமே இருக்கிறது. பிரதியைப் படித்தே எழுதிவிடக்கூடிய ஒன்றை நாடக விமர்சனம் என்று ஏற்க முடியாது.

பழைய தலைமுறை இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். பின்னாளில் அவர் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' எந்த நாடகத்தில் யார் என்ன வேடம் போட்டார், எது எடுபட்டது, எது சறுக்கியது என்று விரிவாகச் சொல்கிறது. அவரோடு பெண் வேடமிட்டு நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்த நூல் தந்தது. அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிக் காலத்துக்கு அதே வேலையைச் செய்கிறது. ஆனால் இரண்டும் மேடையில் நின்றவர்கள் எழுதியவை. எதிரே உட்கார்ந்து பார்த்தவரின் சாட்சியம் அப்போதும் சேரவில்லை.

பார்த்தவர் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு முத்துசாமியே சான்று. புரிசைத் தம்பிரான்களின் தெருக்கூத்தைப் பார்த்த அனுபவம் அவருடைய நாடகப் பார்வையையே திருப்பிப் போட்டது. அதிலிருந்து பிறந்த கட்டுரைகளே 'அன்று பூட்டிய வண்டி'. ஒரு பார்வையாளரின் வியப்பு எழுத்தாகிப் பிறகு அவருடைய கூத்துப்பட்டறைக் குழுவின் பயிற்சியாகவும் மாறியது. ஈழத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' என்று மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். கிராமத்தில் கூத்து வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படுவது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரி நடுவே நிற்பார். பிற்பாட்டுக்காரர் அவரோடு நிற்பார். ஆடுபவர் அவர்களைச் சுற்றி ஆடுவார். நாலு பக்கமும் சனம். படச்சட்ட மேடையில் சனம் ஒரே பக்கம். மத்தளம் நடுவை விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரரின் முகம் ஒரு திசைக்குக் கட்டுப்பட்டது. இரவு முழுதும் நீண்டது ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. இது வளர்ச்சியா இழப்பா என்று அங்கே பல ஆண்டுகள் வாதிட்டார்கள். என்ன மாறியது என்பதை மௌனகுருவும் கா. சிவத்தம்பியும் பிறரும் எழுதி வைத்ததால்தான் அந்த வாதம் வெறும் ரசனைச் சண்டையாகிவிடாமல் பிழைத்தது. பிற்காலத்தில் மௌனகுரு 'இராவணேசனை' மீண்டும் திருத்தி மேடையேற்றியபோது ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்று இருந்தது.

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்வது அநியாயம். வெளி ரங்கராஜன் 'நாடக வெளி' இதழை நடத்தினார். அ. ராமசாமி நாடகம் கற்பித்துக்கொண்டே நாடகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கோமல் சுவாமிநாதன் 'சுபமங்களா'வில் நாடகத்துக்கு இடம் தந்ததோடு நாடக விழாக்களும் நடத்தினார். 1995இல் அவர் மறைந்தபின் அந்த இதழும் நின்றது. இவர்கள் எல்லோருமே நாடகம் செய்தவர்கள். செய்தவர் எழுதும்போது நுணுக்கம் கூடும். சக குழுவைப் பற்றிப் பேசத் தயக்கமும் கூடும். எந்தக் குழுவையும் சாராத, வாராவாரம் பார்த்து எழுதுகிற விமர்சகர் என்ற ஆள் நம்மிடம் உருவாகவில்லை.

சின்னக் குழுக்கள் கடன் வாங்கிப் போடும் நாடகத்தைக் குறை சொன்னால் அவர்கள் நொடிந்துபோவார்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதிலுள்ள அக்கறை உண்மையானது. ஆனால் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து இரண்டே முறை மேடையேறிய நாடகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதாதபோது அந்தக் குழுவுக்கு நேர்வது இன்னும் பெரிய காயம். இரண்டாம் காட்சியில் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று எழுதினால் அடுத்த மேடையேற்றத்தில் திருத்திக்கொள்ளலாம். பொத்தாம்பொதுவான பாராட்டை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

இப்போதுதான் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. பதிவு தேவைதான். ஆனால் கேமரா ஓரிடத்தில் நின்று மேடையை மட்டும் பார்க்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. போர் வாசலுக்கு வந்துவிட்ட காலம். அந்த மேடையின் பாதி எதிரே இருந்த சனத்தின் நெஞ்சில் இருந்தது. அதை எந்தக் கருவியும் பிடிக்காது, கூட இருந்தவர்தான் சொல்ல முடியும். யூரிப்பிடிசின் டிராய் நாட்டுப் பெண்களின் துயரத்தைச் சே. இராமானுஜம் 'வெறியாட்டம்' ஆக்கியபோது நம் ஒப்பாரியை அதற்குள் கொண்டுவந்தார். அச்சில் ஒப்பாரி வெறும் சொல். அரங்கில் அது மூச்சு, மாரடி, குரல் உடையும் இடம். அந்த இடத்தில் தனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பார்வையாளர் நேர்மையாக எழுதினால் அது வருணனையாகவும் இருக்கும், தீர்ப்பாகவும் இருக்கும்.

ஆகவே நாடகம் பார்க்கிறவர்களிடம் கேட்பது இதுதான்: கருத்துச் சொல்லுங்கள், கடுமையாகவே சொல்லுங்கள்; அதற்குமுன் கண்டதை எழுதுங்கள். தேதி, ஊர், அரங்கு, நடித்தவர் பெயர், விளக்குப் போட்டவர் பெயர், அவையில் இருந்தவர் எத்தனை பேர், எந்த இடத்தில் அவர்கள் அசைந்தார்கள் என்பதையெல்லாம் அன்றிரவே குறித்துவிடுங்கள். மறுநாள் காலையில் பாதி மறந்துபோகும்.