அசல் எது?

ஓவியத்தில் அசல் எது என்று எவரும் தடுமாறுவதில்லை. புகைப்படத்திலும் செப்புத் தகட்டு அச்சோவியத்திலும்தான் சிக்கல். அங்கே நெகடிவோ தகடோ முடிந்த படைப்பல்ல, பிரதியே படைப்பு. பிரதிகளோ பல.

அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் நெகடிவை இசைக்குறிப்புக்கும் பிரதியை வாசிப்புக்கும் ஒப்பிட்டார். 1941 இல் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தைப் பல தசாப்தங்களாகத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்தார். வானம் வரவர இருண்டது. அவை அனைத்தும் அசல்களே என்பேன். ஒவ்வொன்றிலும் தீர்மானம் அவருடையது.

கோயாவின் ‘போரின் அவலங்கள்’ அப்படியல்ல. அவர் மறைந்தது 1828 இல். 80 தகடுகள் கொண்ட முதற்பதிப்பு வெளிவந்தது 1863 இல். கோடுகள் கோயாவுடையவை, மையிட்டுத் துடைத்த கை பிறருடையது. அவர் காலத்துச் சோதனைப் பிரதிகளை வேறாக மதிப்பது நியாயமே.

நம் நாட்டு லயனல் வென்டின் நிலை இதற்கு நேர்மாறானது. 1944 இல் அவர் மறைந்தபின் நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. இருட்டறையில் அவரே உருவாக்கிய பிரதிகள்தாம் எஞ்சின. 1950 இல் லண்டனில் வெளியான நூலைப் புரட்டிவிட்டு வென்டைப் பார்த்துவிட்டோம் என்கிறோம். நாம் பார்த்தது அச்சகத்தின் மையை.

பிரதிகளுக்கு இலக்கமிட்டு எண்ணிக்கையைக் குறைப்பது சந்தையின் வழக்கம். அது அசலைத் தீர்மானிக்காது. கலைஞனின் இறுதித் தீர்ப்பு எதில் பதிந்திருக்கிறதோ அதுவே அசல் என்பது என் கணிப்பு. அப்படியானால் வென்டின் ஒரு பிரதி பூஞ்சணம் பிடித்து அழிவது, ஓர் ஓவியம் எரிவதற்குச் சமன். மீண்டும் எடுக்க நெகடிவ் இல்லை.