திருகு இல்லாத ரெக்கார்டர்

ஸூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் ரெக்கார்டரைக் கையில் எடுத்ததும் பழக்க தோஷத்தில் விரல் லெவல் திருகைத்தான் தேடும். அது இல்லை. 2010-ல் வந்த முதல் எச்1-ல் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் பொத்தான்கள் இருந்தன. 2018-ல் வந்த எச்1என்-ல் அது முகப்பிலேயே பெரிய வட்டத் திருகாக உட்கார்ந்திருந்தது. 2024-ல் வந்த இந்த மூன்றாம் பிறவியில் அந்த இடமே காலி. தலையில் ஒன்றோடொன்று குறுக்காக நிற்கும் இரண்டு குட்டி மைக்குகள், ஒரு சின்னத் திரை, ஒரு ரெக்கார்ட் பொத்தான். இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியைப் போட்ட பிறகும் எடை 100 கிராமைத் தொடவில்லை. எவ்வளவு லெவலில் பதியட்டும் என்று இது உங்களைக் கேட்பதே இல்லை.

கர்நாடகக் கச்சேரியைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் கச்சேரிக்கு சவுண்ட் செக் என்று ஒன்று கிடையாது. மிருதங்கக்காரர் கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்க்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அப்போது யாரும் முழுக் குரலில் பாடமாட்டார்கள். வர்ணத்தில் பாடகரின் குரல் இன்னும் சூடேறியிருக்காது. அதை நம்பி லெவலை ஏற்றி வைத்தால், பிரதான ராகத்தில் தார ஸ்தாயியில் நிற்கும்போது சிவப்பு விளக்கு எரியும். தனி ஆவர்த்தனத்தின் மோராவில் மொத்தமும் கிழிந்துவிடும். பயந்து குறைத்து வைத்தாலோ, ஆலாபனையின் தொடக்கத்தில் வரும் சன்னமான பிடிகள் இரைச்சலுக்குள் முங்கிப்போகும். நடுவில் எழுந்து போய்த் திருகைத் தொடலாமா என்றால், முன்வரிசை மாமாக்கள் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும்.

இந்தக் கருவி அந்தச் சிக்கலை எப்படிக் கடக்கிறது? மைக்கிலிருந்து வரும் மின்சைகையை எண்களாக மாற்ற உள்ளே இரட்டை மாற்றிகள் இருக்கின்றன. ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது உரத்த ஒலிக்கு. எந்தக் கணத்தில் எது சரியோ அதை எடுத்து இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டி, 32-பிட் ஃப்ளோட் என்ற வடிவத்தில் எழுதுகிறது. வழக்கமான 24-பிட் பதிவின் கோட்பாட்டு வீச்சு 144 டெசிபெல். ஃப்ளோட்டில் அது 1,500-ஐத் தாண்டும். பிந்தைய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், பூமியில் அவ்வளவு பெரிய சத்தம் கிடையாது. நடைமுறையில் இதன் பலன் எளிமையானது. பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் தனி ஆவர்த்தனம் மேல்கோட்டை முட்டி மொட்டையாகத் தெரியலாம். மொத்தத்தையும் 12 டெசிபெல் இறக்கினால், வெட்டுப்பட்டதாகத் தெரிந்த முனைகள் முழுசாக இறங்கி வரும். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் மாயாஜாலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த மாயம் மைக்குக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. மைக்கின் சவ்வுக்கு ஒரு எல்லை உண்டு. இந்தக் கருவிக்கு அதை 120 டெசிபெல் ஒலியழுத்தம் என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். அதற்கு மேல் போனால் கிழிந்த ஒலிதான் மாற்றிகளை வந்தடையும். கிழிந்ததை எத்தனை பிட்டில் எழுதினாலும் கிழிந்ததுதான். குரல், வயலின், வீணை, மிருதங்கம் எதுவும் நாலடி தூரத்தில் அந்த எல்லைக்கு அருகே வராது. கோயில் வீதியில் நாகசுவரத்தின் அணசுக்கு நேரே கையை நீட்டிப் பிடிப்பவரும், தவிலின் வலந்தலையை ஒட்டி நிற்பவரும் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மேளத்துக்குப் பதினைந்து, இருபது அடி தள்ளி நிற்பதே நல்லது. பதிவுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

திருகு போய்விட்டதால் பதிவு செய்பவரின் கையில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு முடிவு: இதை எங்கே வைப்பது? என் அனுபவத்தில் பதிவு நன்றாக வருவதும் வீணாவதும் இங்கேதான். பல மைக் வைத்துப் பதிபவர் வயலினைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், மிருதங்கத்தை இறக்கிக்கொள்ளலாம். ஒற்றை ஸ்டீரியோ மைக்கில் நின்ற இடம்தான் மிக்ஸிங்.

மேடையை ரசிகர் பக்கத்திலிருந்து பாருங்கள். நடுவில் பாடகர், நமக்கு வலப்புறம் வயலின், இடப்புறம் மிருதங்கம். வலக்கைக்காரரான மிருதங்க வித்வான் பாடகரை நோக்கி உட்கார்ந்தால் வலந்தலை நம்மைப் பார்க்கும், இடப்பக்கமான தொப்பி பின்சுவரைப் பார்க்கும். ஆகவே நட்டநடுவில் வைத்த ரெக்கார்டருக்கு வலந்தலையின் கூர்மையான மீட்டும் சாப்பும் நேராக வந்து அறையும். தொப்பியின் கும்கியோ சுவரில் பட்டுச் சுற்றி வரும். கேட்டால் மிருதங்கம் ஒரு பக்கம் மட்டும் வாசிக்கப்படுவதுபோல் இருக்கும். இதற்கு மருந்து, ஸ்டாண்டை ஓரிரு அடி வயலின் பக்கமாக நகர்த்தி, கருவியின் மூக்கை மட்டும் பாடகரை நோக்கித் திருப்புவது. தூரக் கணக்கும் இங்கே நமக்கு உதவும். மைக்கிலிருந்து பாடகர் வாய் 4 அடி, மிருதங்கம் 7 அடி என்றால், நேராக வரும் ஒலியில் அந்த வித்தியாசமே பாடகருக்கு ஏறத்தாழ 5 டெசிபெல் சாதகம். வித்வானிடம் மெதுவாக வாசியுங்கள் என்று சொல்லும் தைரியம் நமக்கு ஏது? நாம் நகர்ந்தால் போதும். இடக்கைக்காரர் வந்தால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறிக்கொள்வது வழக்கம், நீங்களும் மாறிக்கொள்ளுங்கள்.

உயரம் அடுத்தது. தரையில் உட்கார்ந்து பாடுபவர்கள் என்பதால் ரெக்கார்டரையும் தரையில், ஒரு சின்ன முக்காலியில் வைக்கத் தோன்றும். வேண்டாம். நேராக வரும் ஒலியோடு தரையில் மோதித் திரும்புவதும் சேர்ந்து குரலைக் குழாய்க்குள் தள்ளிவிடும். முன்வரிசைக்காரர் தொடையில் போடும் தாளமும் பாடகருக்குச் சமமாகப் பதியும். ஐந்து, ஐந்தரை அடி உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றி, கீழ்நோக்கிச் சாய்த்தால் குரல் திறந்துகொள்கிறது. முதுகில் கேமரா ஸ்டாண்டுக்கான திருகுப்புழை இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டே பதிவு செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த எடையில் உள்ள பிளாஸ்டிக் கருவி எதுவானாலும் விரலின் ஒவ்வொரு அசைவும் அதில் இடிபோல விழும்.

பிறகு மின்விசிறி. மார்கழியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். சித்திரையில் கேட்டால் நம்மையும் ரெக்கார்டரையும் சேர்த்து வாசலில் வைப்பார்கள். விசிறிக்கு நேர்கீழே இல்லாமல் வைத்து, நுரைத் தொப்பியை மாட்டுவதுதான் நடக்கிற காரியம். காற்று இரைச்சலைக் குறைக்க, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் கருவியிலேயே இருக்கிறது. 80 ஹெர்ட்ஸில் தொடங்கி இன்னும் மேலேயும் போகலாம். பேச்சுக்கு நல்லது. மிருதங்கம் இருக்கும் இடத்தில் அதைத் தொடவே கூடாது, ஏற்கெனவே சுவர் வழியாக வந்து இளைத்திருக்கும் தொப்பி இன்னும் இளைத்துவிடும். தேவையென்றால் பிறகு ஆடாசிட்டியில் செய்துகொள்ளலாம், பதியாமல் விட்டதைத் திரும்பப் பெற முடியாது. சுருதிப் பெட்டியோ, போனில் ஓடும் தம்புரா செயலியின் ஸ்பீக்கரோ பாடகருக்கு முன்னால் இருந்தால் அதையும் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். மைக்குக்கு அருகில் இருக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கர், கச்சேரி முழுக்க யாரையும் மதிக்காது.

ஒற்றை மைக்கில் பதிவது ஏழைகளின் சமரசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. கனடாவின் கௌபாய் ஜங்கீஸ் குழுவினர் தங்கள் ‘தி டிரினிட்டி செஷன்’ ஆல்பத்தை 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே ஒரு கால்ரெக் சவுண்ட்ஃபீல்ட் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பதிவு செய்தார்கள். பாடகி மார்கோ டிம்மின்ஸின் மெல்லிய குரல் வாத்தியங்களுக்கு ஈடுகொடுக்க, அவரை அங்கிருந்த பி.ஏ. ஸ்பீக்கர் வழியாகப் பாடவைத்தார்கள். அந்த ஸ்பீக்கரிலிருந்து வந்ததையும் அதே மைக்தான் கேட்டது. இலங்கையில் பிறந்த ஒலிப்பதிவாளர் கவி அலெக்சாண்டர், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் கிதார் கலைஞர் ரை கூடரையும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டையும் உட்காரவைத்து, ஒரே இடத்தில் குறுக்காக நிற்கும் ஸ்டீரியோ மைக்கால் பதிந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994-ல் கிராமி வாங்கியது. அவர்களிடம் இருந்த மைக்குகளின் விலைக்கு இந்த ரெக்கார்டரைக் கூடை கூடையாக வாங்கலாம், அது வேறு விஷயம். அவர்களுக்கு இருந்த இன்னொரு வசதி நமக்கு இல்லை. அங்கே கலைஞர்களையே முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது. நம் மேடையில் ஜமுக்காளம் விரித்த இடம் விரித்ததுதான்.

டொராண்டோ உத்தியை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குரலுக்கு மட்டும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைக்கும் வீட்டுக் கச்சேரிகளில், ஸ்பீக்கரைக் கூடத்தின் மூலையில் வைக்காமல் பாடகருக்குப் பக்கத்திலேயே, ஹவுலிங் வராத அளவுக்குச் சற்று முன்தள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்கள். வாயிலிருந்து வருவதும் பெட்டியிலிருந்து வருவதும் ஒரே திசையிலிருந்து வந்தால் குரல் இரட்டிக்காது. மூலையில் வைத்தால் பாடகர் நடுவிலும் அவர் குரல் சன்னலோரத்திலும் இருப்பார்கள்.

பெரிய சபாக்களில் இந்தக் கருவியால் அதிகம் சாதிக்க முடியாது. ரசிகர் இருக்கையில் வைத்தால், கூரையில் தொங்கும் ஸ்பீக்கர்கள் தருவதைத்தான் அது பதியும். மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் வாங்கி 3.5 மி.மீ. துளையில் செருகலாம். செருகியதும் உள்மைக்குகள் வழிவிட்டு விலகிவிடும், இரண்டையும் கலக்க முடியாது. மிக்ஸரிலிருந்து வருவது குரல் தூக்கலாக, கூடத்தின் வாசனையே இல்லாமல் வறண்டு இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் எக்ஸ்.எல்.ஆர். துளைகள் உள்ள எச்4 எசென்ஷியலுக்குப் போக வேண்டும். நல்ல வெளி மைக்குகள் கைவசம் இருப்பவர் அதே நிறுவனத்தின் எஃப்3-ஐப் பார்க்கலாம், அதிலும் திருகு கிடையாது.

போனே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சைப் பிடிக்கத்தான் பெரும்பாலான போன்களின் மைக் பழக்கப்பட்டிருக்கிறது. உரத்த ஒலி வந்தால் தானே இறக்கும், அமைதி வந்தால் தானே ஏற்றும். மிருதங்கத்தில் ஒரு பலமான சாப்பு விழுந்ததும் பாடகர் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பி வருவார். மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அடக்கும் வேலையும் பல போன்களில் நடக்கிறது. தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதான். எச்1 எசென்ஷியல் இப்படி எந்தப் புத்திசாலித்தனமும் காட்டாமல் கேட்டதை எழுதிக்கொள்கிறது. இந்த அளவுள்ள சின்ன மைக்குகள் எல்லாவற்றிலும் இருக்கும் லேசான சுய இரைச்சல், தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்க விநாடிகளில் ஹெட்போனில் கேட்டால் தெரியும். குரல் எழுந்ததும் மறைந்துவிடும். ஏறக்குறைய 100 டாலர் அறிமுக விலையுள்ள கருவியில் இதற்கு மேல் கேட்பது பேராசை.

கோப்புகள் பெரிதாகும். 48 கிலோஹெர்ட்ஸில் மணிக்குக் கிட்டத்தட்ட 1.4 ஜி.பி., மூன்று மணி நேரக் கச்சேரிக்கு நாலுக்குச் சற்று மேல். 96-க்குப் போனால் இரட்டிப்பு. கச்சேரிக்கு 48 தாராளம். நினைவட்டையை நாம்தான் வாங்கிப் போட வேண்டும். பேட்டரி 10 மணி நேரம் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு, எந்த விரிவான பல்லவிக்கும் அது போதும். பார்வையற்றோருக்காகப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லும் வசதி இருப்பது பாராட்ட வேண்டியது. தமிழில் சொல்வதில்லை.

32-பிட் கோப்பை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள், பல போன்கள் திறக்க மறுக்கும். உச்சத்தை 0-க்கு ஓர் இழை கீழே நிறுத்தி எம்பி3-யாக மாற்றி அனுப்புங்கள். மைக்குகள் ஒரே புள்ளியில் குறுக்காக நிற்பதால், போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டாலும் வயலின் மெலிந்து காணாமல் போகாது. தூரத்தூர வைத்த இரண்டு மைக்குகளிடம் இந்த உத்தரவாதம் இல்லை.

அனுப்புவது பற்றி இன்னொன்று. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, மேடையில் நிகழ்த்தும் கலைஞருக்கு அந்த நிகழ்வின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. சொந்தமாகக் கேட்கப் பதிவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, குழுக்களில் சுற்றவிடுவதற்கும் யூடியூபில் ஏற்றுவதற்கும் அல்ல. ஐந்தடி ஸ்டாண்டை ஒளித்துவைக்கவும் முடியாது. சுருதி சேர்ப்பதற்கு முன்பே பாடகரிடம் கேட்டுவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களிடமும் கேளுங்கள், அந்தச் சட்டத்தில் அவர்களும் கலைஞர்களே. பல பேர் தலையசைத்துவிட்டு, தனி ஆவர்த்தனத்தை மட்டும் தனியே வெட்டித் தர முடியுமா என்று கேட்பார்கள்.