அப்பத்தா கையின் ஏல வாசம்

கேரளத்து மலையிலுள்ள சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் கைகளில் பல, கம்பம் பக்கத்து அப்பத்தாக்களுடையவை. விடியும்முன் தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறி வருபவர்கள்.

ஏலக்காய் உயரத்தில் காய்ப்பதில்லை. ஆளைவிட உயர்ந்த தட்டைகளுக்கு அடியில், தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படரும் சரங்களில் காய்க்கிறது. ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் இருக்கும். குனிந்த முதுகோடு விரல்கள் சருகை விலக்க, முற்றியது மட்டும் மெல்லிய ‘டக்’கென்று கழன்று வரும், பிஞ்சு அசைவதோடு சரி. முற்றிய காயின் விதை கறுத்திருக்கும். ஆனால் அவர்கள் எதையும் உடைத்துப் பார்ப்பதில்லை, தொட்டாலே தெரிந்துவிடும். மழைநாளில் கழுத்தில் இலைச்சொட்டு, காலில் அட்டை. (அட்டையை அவர்கள் சட்டை செய்யாத அழகே தனி.)

மாலையில் வீடு திரும்பினால் விரலிடுக்கில் பச்சை ஏல வாசம். சோப்புக்கும் மசியாது. அந்தக் கை பிசைந்து ஊட்டிய ரசச்சோற்றைத்தான் பேரப்பிள்ளைகள் வளர்ந்த பின்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தினால் ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோவாகச் சுருங்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் குனிந்துதான் எடுக்க வேண்டும்.