யார் இட்ட பெயர்?

"நான்" என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்கிறோமே, அந்த "நான்" எங்கிருந்து வந்தது? முன்வினை தந்தது என்பார் வைதீகர். யாரும் தந்ததன்று, அது அழியாத ஆன்மா என்பார் வேதாந்தி. இருவரையும் வணங்கி வழியனுப்பிவிட்டு, கண்ணெதிரே உள்ள ஊரையும் கையிலுள்ள ஏட்டையும் பார்ப்போம். ஊர், திருக்கடையூர்.

அவ்வூர்க் கதையை அறியாதார் இல்லை. சரபோசி மன்னர் காலம். தை அமாவாசை நாள். அபிராமி கோயிலில் கண்மூடி அமர்ந்திருந்த சுப்பிரமணியன் என்பாரை நோக்கி, "இன்று என்ன திதி?" என்று மன்னர் வினவ, "பௌர்ணமி" என்றாராம் அவர். முன்னரே அவரைப் பித்தர் என்று பேசிவந்த ஊர், "பார்த்தீரா, பார்த்தீரா!" என்று கைகொட்டிற்று. எரியும் தீக்கு மேலே 100 கயிறுகளில் தொங்கிய உறியில் ஏறி நின்று, பாட்டுக்கு ஒரு கயிறாக அறுத்தவாறே அந்தாதி பாடினார், 79-ஆம் பாட்டில் அம்மை தன் காதுத் தோட்டை வானிலே வீசினாள், நிலவு தோன்றிற்று, பித்தர், பட்டர் ஆனார்! 1971-இல் வெளிவந்த "ஆதிபராசக்தி" படத்திலும் இக்கதை இடம்பெற்று, பட்டிதொட்டியெங்கும் பரவியது.

தோடு நிலவானதா என்று வழக்காட நாம் வரவில்லை. அமாவாசையன்று நிலவின் ஒளிபட்ட பக்கம் நம்மைப் பாராமல் கதிரவனைப் பார்த்திருக்கிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லுவான். நாம் கேட்பது வேறு. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லை அடுத்த பாட்டின் முதற்சொல்லாக்கி, நூறு பாட்டுக்கும் தொடை பிசகாமல், நூறாவதை முதலோடு கொண்டுவந்து முடிச்சிட்டவர் பித்தரா? முதற்பத்துப் பாட்டைக் கேட்ட அளவிலேயே, "இவர் புலவர், இறக்கிவிடுங்கள்" என்று சொல்ல அவ்வளவு பெரிய கூட்டத்திலே ஒரு நா எழவில்லையே! நிலவுக்குத்தான் தேர்வு வைத்தார்கள், பாட்டுக்கு வைக்கவில்லை. நிலவு வராதிருந்தால்? அதே மனிதர், அதே தமிழ், அதே நூறு பாட்டு. ஆனால் பித்தர் என்ற பெயரோடு வெந்து சாம்பலாகியிருப்பார். "பித்தர்" ஊர் இட்ட பெயர். "பட்டர்" அரசவை இசைந்த பெயர். இடையில் இருந்த மனிதர் யார் என்று கேட்டவர் எவருமில்லை. பக்தியைப் போற்ற எழுந்த கதை, தன்னை அறியாமலே ஊரின் மேல் குற்றப்பத்திரிகை படித்துவிட்டது. கதையின் அருமை நமக்கு அங்கேதான் தெரிகிறது.

அதே கோயிலில் இன்று நாள்தோறும் மணிவிழாக் கூட்டம். மார்க்கண்டனுக்காக எமனை உதைத்த இடமாம். ஆகவே ஆயுள் வேண்டி அறுபதிலும் எண்பதிலும் மறுமணம். பேரன் பேத்திகள் சூழப் பெரியவர் மாலையிட்டு நிற்பது இனிய காட்சிதான். குடும்பங்கூடி மகிழ்வதை நாம் குறைசொல்லோம். ஆனால் அந்த அறுபது யாருடைய அறுபது? பிரபவ தொடங்கி அட்சய வரை உருண்டு, பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருகிறதென்று எண்ணுகிறார்களே, அது கணவன் பிறந்த ஆண்டு! பக்கத்தில் நிற்கும் அம்மையாருக்கு ஐம்பத்து நான்கோ, ஐம்பத்தெட்டோ, கேட்பாரில்லை. புதுத் தாலி ஏறுகிறது. அதுவே அவர் கணக்கு. கணவனை இழந்த பெண்ணுக்கும் அறுபது வரும். அதற்கு மேடையும் இல்லை, மேளமும் இல்லை. வகுப்பிலே சிறுமியரை நோக்கி, "உன் அம்மா பிறந்த நாள் எது?" என்று நாம் கேட்டதுண்டு. அப்பா பிறந்த நாளைச் சொன்னவர்களிலும் பாதிப் பேர் அதற்கு விழித்தார்கள். தன் வயதே தன் பெயரில் எண்ணப்படாதவர், "நான்" என்னும்போது எதைச் சொல்கிறார்?

இந்தக் கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கடலோரமாக வடக்கே நடந்தால் பூம்புகார். அங்கேதான் சாத்தனாரின் மணிமேகலை பிறந்தாள். அவளுக்காக நடந்த போரைப் படித்துப் பாருங்கள். அது பெயருக்காக நடந்த போர். பாட்டி சித்திராபதி, "கணிகையர் குலத்தில் பிறந்தாய், ஆடு" என்கிறாள். தாய் மாதவி, "இவள் கண்ணகியின் மகள், ஆடமாட்டாள்" என்கிறாள். பெற்ற தாய், தான் பெற்றதையே மறைத்து மற்றொருத்தியின் பெயரை மகள்மேல் போர்த்துகிறாள்! "இவள் என் மகள், ஆனாலும் ஆடமாட்டாள்" என்று சொல்ல அந்தச் சமுதாயம் இடம் வைக்கவில்லை. கணிகை என்ற பெயரைக் கழற்ற, பத்தினி மகள் என்ற பெயர் தேவைப்பட்டது. அதைவிடக் கொடுமை, உதயகுமரன் அவளை இழிவாகப் பேசியும் அவள் நெஞ்சம் அவன்பால் சென்றதே, அதை அவளுடைய விருப்பம் என்று விட்டுவிடப் புலவருக்கு மனமில்லை. முற்பிறப்பில் அவன் அவள் கணவன் என்று சான்று தேடித் தருகிறார். ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு, போன பிறவியிலிருந்து அனுமதிச் சீட்டு! முடிவில் அவளுக்குத் திறந்த வாயில் துறவு ஒன்றே. பசித்தோர்க்குச் சோறிட்டதும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதும் காப்பியத்தின் பெருமைகள், மறுப்பாரில்லை. ஆயினும், துறக்காமல் வாழ வழியுண்டா என்ற வினாவைச் சாத்தனார் எழுப்பவே இல்லை.

அவ்வினாவுக்கு விடை வர நெடுங்காலம் ஆயிற்று. விடை சொன்னவரும் இவ்வட்டாரத்தவரே: மயிலாடுதுறையை அடுத்த மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்தவர், வறுமையால் பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி வீட்டில் விற்கப்பட்டவர் என்பர் அவர் வரலாறு எழுதியோர். ஆடல் பாடல் கற்பித்தார்கள். அவரோ, கற்பித்த ஆசிரியரையே மணந்துகொண்டு, காவியுடுத்தாமல், கண்ணகியின் பெயரைக் கடன் வாங்காமல் வெளியே வந்தார். வந்தவர் ஊரூராகச் சென்று, பொட்டறுக்கச் சொன்னார். 1938-இல் இந்தி எதிர்ப்பில் சிறை புகுந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

பொட்டை அறுப்பது சொல்லளவில் எளிது. கோயில் மானிய நிலம் அந்தப் பொட்டோடு கட்டப்பட்டிருந்தது. ஊழியம் போனால் நிலம் போகும். முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1929-இல் சட்டம் வந்து நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்த பிறகுதான் பலருக்கு வாசல் திறந்தது. பொட்டுக்கட்டுத் தடைச்சட்டமோ 1947-இல்தான். பெயர் நெற்றியில் மட்டும் எழுதப்படுவதில்லை தோழர்களே, பட்டாவிலும் எழுதப்படுகிறது!

அம்மையார் 1936-இல் ஒரு நாவல் வெளியிட்டார்: "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". கலைநயம் தேடுவோர் ஏமாறுவர். கதைமாந்தர் பேசத் தொடங்கினால் மேடையேறிவிடுகிறார்கள். அது நமக்குக் குறையாகப் படவில்லை, மேடைக்காகவே எழுதப்பட்ட நூல். நம்மை உறுத்துவது தலைப்பு. வலை தாசிகளுடையதாம், மைனர் அதில் விழுந்து, பின் மதிபெற்றவராம்! நெல்லும் நிலமும் வைத்திருந்த மைனரா வலையில் விழுந்தவர்? ஐந்து வயதில் விற்கப்படும் பெண்ணல்லவா விழுந்தவள்? வலையைப் பின்னியவை கோயிலும் குலமும் மிராசும் என்பதை நூலாசிரியரே உள்ளே வாதாடுகிறார். அட்டையிலோ ஊர் பேசிய பேச்சே ஏறி நிற்கிறது. அந்த வீட்டை உதறி வந்தவரின் பேனாவிலும், அந்த வீட்டாரைப் பழித்த ஊரின் மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவரை இதனால் சிறுமைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டா. அவருக்கே ஒட்டியதென்றால், நமக்கு எவ்வளவு ஒட்டியிருக்கும்!

1962-இல் அம்மையார் மறைந்தார். 1989-இல் தமிழக அரசு அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கிற்று. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அத்திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்றாயிற்று. தாலிக்கு உதவிய பெயர் இப்போது படிப்புக்கு உதவுகிறது. நம்மிடம் படித்துப்போன பெண்கள் சிலரும் அதைப் பெறுகிறார்கள். அவர்களிடம் அந்த நாவலைக் கொடுத்து, வேறு தலைப்பு எழுதி வரச் சொல்லியிருக்கிறோம்.