மானிடவியல் யாருக்காக?

பல்கலைக்கழகத்தில் மானிடவியலைச் சிறப்புப் பாடமாகவோ துணைப்பாடமாகவோ கற்க விரும்பும் மாணவரிடம், “என்ன தொழில் கிடைக்கும்?” என்று கிண்ணியாவிலும் கேட்கின்றனர். நியாயமான வினாவே. எனினும் அதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இக்கல்வி இதுகாறும் யார் பக்கம் நின்றது?

விடை உவப்பானதன்று. 1880களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சரசின் உறவினர் இருவர் நம் நாட்டு வேடரின் மண்டையோடுகளைத் திரட்டிச் சென்றனர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் அரிய செய்திகள் நிறைந்ததே. ஆயினும் கலப்பற்ற வேடரைத் தேடுவதே அதன் நாட்டம். தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்ந்த கீழைக் கரையோர வேடர் அத்தேடலின் ஓரத்திலேயே நின்றனர். ஆண்டவன் ஆராய்ந்தான்; ஆளப்பட்டவன் ஆராயப்பட்டான்.

அதற்காக இத்துறையையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஹவாய் மக்கள் கப்டன் குக்கைத் தெய்வமாகக் கொண்டனர் என்பது ஐரோப்பியர் புனைந்த தொன்மமே என்று 1992இல் வாதிட்டார் கணநாத் ஒபயசேகர. மார்ஷல் சாலின்ஸ் 1995இல் அதனை மறுத்தெழுதினார். வெற்றி எவருடையதாயினும், பார்வையின் திசை மாறிற்று என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் கரைக்கு வருவோம். 1969இல் அக்கரைப்பற்றில் களஆய்வைத் தொடங்கிய அமெரிக்கர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் தம் பெருநூலை வெளியிட்டார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு, வீடு பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்கிறது என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. போர் பிரித்துவைத்த இரு சமூகங்களுக்கும் பொதுவான வாழ்க்கைமுறை உண்டென்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆனால் அக்கரைப்பற்றுக்குரிய விடை கிண்ணியாவுக்கும் அப்படியே பொருந்திவிடாது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கக் கடன்படும் தந்தையையும், அதற்காகவே வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் சகோதரனையும் நாம் அறிவோம். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் மட்டும் அவள் சொல் வீட்டில் ஏறுகிறதா? கடனின் வட்டி யாரிடம் சேர்கிறது? வயல் யாருடையது, வலை யாருடையது? மரபைப் போற்றிப் பேசும் மேடைகள் இவற்றைக் கேட்பதில்லை. மானிடவியல் மாணவர் கேட்கவேண்டும்.

கேட்டறிந்ததைத் தமிழிலும் எழுதவேண்டும். இத்துறையைத் தமிழ் தாங்கும் என்பதற்குப் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ என்னும் நூலே போதிய சான்று. ஆராயப்பட்டவர் படித்துப் பார்த்து, “இது பிழை” என்று மறுத்துரைக்க இயலாத ஆய்வு, எத்துணைப் புலமை வாய்ந்ததாயினும், மக்களின் கல்வியாகாது.