பூவின் இரட்டையைத் தேடுங்கள்

சுவர்க்காகிதம் என்றதும் நம்மவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் வீட்டுச் சங்கதியாம். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் காகிதத்தில் ஓடும் சிவப்புக் கொடியின் வேர் எங்கள் மணலில் கிடந்தது. ஒல்லாந்தர் ஆண்ட நாளில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டி எடுத்தார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றும் வேர் அது. சோழமண்டலக் கரையில் அதே வேரின் சாயம் ஏறிய பூத்துணிகள் கப்பலேறி ஐரோப்பியச் சுவர்களில் தொங்கின. லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் 1663இல் மனைவியின் அறைச் சுவருக்கு இந்தியப் பூத்துணி வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உள்ளூர் நெசவுக்காரர் கொதித்தெழ, 1721இல் இங்கிலாந்து அந்தத் துணிகளைத் தடுத்தது. காகிதக்காரரோ அதே பூக்களைக் காகிதத்தில் அச்சடித்தார்கள்.

அடிப்படை கொஞ்சந்தான். முதலில் மரக்கட்டையால் கையச்சு, 1840ஐ ஒட்டி இயந்திர உருளை. கட்டையச்சில் மை கனமாக நிற்கும், உருளையச்சில் மெலிந்து ஓடும். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸின் 1875ஆம் ஆண்டு 'அகாந்தஸ்' காகிதத்துக்கு மட்டும் 30 கட்டைகள் வேண்டியிருந்தன. போதும், உண்மையான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பூவில் விரலை வையுங்கள். அதே பூ அடுத்த தாளில் எங்கே வருகிறது? அதே உயரத்தில் வந்தால் நேர்ப்பொருத்தம். பாதி கீழே இறங்கி வந்தால் அரை இறக்கம். கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் இதுதான். ஊடுபுள்ளிக் கோலத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் நிறுத்துங்கள், அரை இறக்கம் வந்துவிடும். நேர்ப்பொருத்தத்தில் பூக்கள் அணிவகுத்து நிற்கும். கண் உடனே எண்ணத் தொடங்கிவிடும், எண்ணி முடித்ததும் அலுத்துவிடும். அரை இறக்கத்தில் கொடி சரிவாக ஏறும், இறங்கும். பூவின் இரட்டை எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒட்டும்போது தாள் வீணாகும்தான். அந்த வீணுக்கு ஈடாகக் கிடைப்பது ஒரு சுவர் முழுக்கத் தோட்டம்.

இதை ரசிக்கத் தெரியாத விமர்சகர்கள் 'வெறும் அலங்காரம்' என்று ஒதுக்குகிறார்கள். அவர்கள் படச் சட்டத்துக்கு வெளியே பார்க்கப் பழகாதவர்கள். அதைவிட மோசம், புதுவீடுகளில் செங்கல் போல அச்சடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டும் மோகம். பின்னால் இருப்பதே கல்சுவர், அதற்கு மேலே பொய்க்கல். அதில் தேடிப் பார்க்க ஒரு இலைகூட இல்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டு அறையில் நானும் ஒருதரம் கோதம்ப மாப் பசை காய்ச்சி ஒட்டினேன். வாடைக்காற்றும் கடல் ஈரமும் வந்த முதல் மாதமே மூலைகள் எழும்பின, மார்கழிக்குள் தாள் தரையில் கிடந்தது. அழுகையே வந்துவிட்டது. ஒரு துண்டை மட்டும் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். பூவும் இரட்டையும் சேர்ந்து இருக்கிற துண்டு.

லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அடுத்த பயணத்தில் வால்தம்ஸ்டோவுக்குப் போங்கள். மொரிஸ் சிறுவனாக இருந்த வீடு இப்போது அவருடைய காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. காகிதத்தைத் தொட விடமாட்டார்கள். விரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணால் தேடுங்கள்.