கைராசியும் கல்வியும்

தருமபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும், தந்தை தொடங்கிய மருத்துவமனையில் மகனோ மகளோ உடனிருந்து தொழில் புரியும் இடங்களில், சீட்டு எழுதுபவரை நோக்கி வருகின்றவர்கள் முதலில் கேட்பது, “பெரிய டாக்டர் இருக்காருங்களா?” என்பதே. சின்ன டாக்டரின் அறை ஒழிந்திருந்தாலும், பெரியவருக்குக் கைராசி உண்டு என்ற திடமான நம்பிக்கையினால், மணிக்கணக்காகக் காத்திருக்க அவர்கள் சம்மதிக்கிறார்கள். நகரத்துப் படிப்பாளிகளுள் சிலரோ இதற்கு நேர்மாறாக, புதிய பட்டமும் புதிய கருவியும் உடைய இளைஞரையே நாடி, முதியவரின் வைத்தியம் காலங்கடந்தது என்று தள்ளிவிடுகிறார்கள். உயிரைப் பற்றிய ஒரு தீர்மானத்தை வயதை அளவுகோலாகக் கொண்டு செய்யும் இவ்வழக்கத்தில் நியாயம் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பது நிதானமாக ஆராயத்தக்கது.

மூத்தவரை நாடுவதில் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதனால், அதனைப் பல்லாண்டுகள் பருகியவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிவதும், முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போவதும் இங்கே தலைமுறைகளாகக் கண்ட துன்பம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கும் இதுவே முக்கியமான காரணம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் ஐம்பது வயது உழவரிடம், எந்த ஊர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று முதலில் கேட்கும் விவேகம், இவ்வூரில் முப்பது ஆண்டுகள் இருந்தவருக்கு இயல்பாக அமைகிறது. வேற்றூரிலிருந்து நேற்று வந்தவர் அதனைச் சாதாரண மூட்டுவலியென்று கருதிவிடக்கூடும். எவர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார், எவர் அறுவடை முடியும்வரை மறுபடி வரமாட்டார் என்பதை அறிந்து அதற்கேற்பச் சிகிச்சையை வகுப்பதும், எல்லாக் காய்ச்சலுக்கும் பத்துப் பரிசோதனை எழுதாமல் இரண்டு நாள் பார்ப்போம் என்று துணிந்து சொல்வதும் அநுபவம் தரும் பேறுகளே.

ஆனால் கைராசி என்னும் நம்பிக்கைக்குள் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. குணமடைந்தவர் திரும்பி வந்து நன்றி சொல்கிறார். குணமடையாதவர் சொல்லாமலே சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார். ஆகவே வெற்றிகள் மருத்துவரின் கண்முன்னே குவிய, தோல்விகள் அவர் அறியாமலே கழிந்துபோகின்றன. மேலும், பெரும்பாலான சளியும் காய்ச்சலும் தாமாகவே தணியும் சுபாவம் உடையவை. தணிந்ததன் புகழ் அன்று போட்ட ஊசிக்குச் சேர்கிறது. தம் சிகிச்சையின் விளைவைத் தேடிச்சென்று அறியாத மருத்துவருக்கு நாற்பது ஆண்டுத் தொழில் நாற்பது ஆண்டு அநுபவம் ஆகிவிடாது. முதலாண்டில் நேர்ந்த பிழையே நாற்பது முறை உறுதிப்பட்டதாகவும் அது முடியக்கூடும்.

அறிவு மாறிக்கொண்டே இருப்பதும் எண்ணத்தக்கது. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருக்க, ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன் என்பவர் 1979-இல் இரைப்பைத் திசுக்களில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அவரைவிடப் பதினான்கு வயது இளையவரும் அப்போது பயிற்சியில் இருந்தவருமான பாரி மார்ஷல் 1981-இல் அவருடன் சேர்ந்தார். மூத்தவரின் பயின்ற கண்ணும் இளையவரின் அடங்காத ஊக்கமும் கூடியபின், அப்புண்ணில் பெரும்பகுதி நுண்ணுயிர்க்கொல்லியால் தீரக்கூடியது என்ற உண்மை நிலைபெற்றது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இச்செய்தி எட்டாத மருத்துவர், எத்தனை கனிவுடையவராயினும், பாலும் அமிலநீக்கியும் கொடுத்துக்கொண்டே நோயாளியைப் பல்லாண்டு வருந்தவிட்டிருப்பார்.

வயதையும் விளைவையும் நேராகவே ஒப்பிட்ட ஆராய்ச்சிகளும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த முதியோரைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நாற்பதுக்குக் குறைந்த பொது மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோருள் முப்பது நாட்களுக்குள் இறந்தவர் 10.8 சதவீதமாகவும், அறுபதைக் கடந்தவர்களிடம் 12.1 சதவீதமாகவும் இருந்தனர். இதனோடு முதியவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதிவிடுவது அவசரமாகும்; ஏனெனில், மிகுதியான நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்களிடையே வயதினால் வேற்றுமை எதுவும் தோன்றவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. அடுத்த ஆண்டு அறுவை மருத்துவர்களைப் பற்றி வெளியான ஆய்விலோ நிலைமை தலைகீழாயிற்று: இளையவர்களிடம் 6.6 சதவீதமாக இருந்த இறப்பு, அறுபதைக் கடந்தவர்களிடம் 6.3 ஆகக் குறைந்திருந்தது. கைத்திறன் பழக்கத்தால் முதிர்கிறது, மருந்தறிவு புதுப்பிக்கப்படாவிடில் பழுதாகிறது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்குப் புலப்படும் பொருள்.

இளமையைப் போற்றுவதிலும் இதைப் போன்ற குறைகள் உண்டு. புதிய நூலறிவு உடையவர், நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேன் படத்தைப் பார்க்கும் பழக்கத்திற்கு எளிதில் ஆட்படலாம். சந்தேகத்தைத் தாங்கும் பொறுமை இன்னும் பழகாதவர், அதனைப் பரிசோதனைகளால் போக்கிக்கொள்ள முயல, அச்செலவு கூலிக்காரரின் ஒரு மாத வருவாயை விழுங்கிவிடலாம். எனினும் எவரும் இளையவரிடம் செல்லாவிட்டால் நாளைய அநுபவசாலி எங்கிருந்து தோன்றுவார்? 2008-இல் தருமபுரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில், பேராசிரியரின் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கும் ஏற்பாடு இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை.

இதனினும் சிறந்த விடை இம்மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர், 1993-இல் இளமைப் பருவத்தினராக அங்கே வந்து, மலைவாழ் மக்கள் கட்டிக்கொடுத்த குடிசையில் பணி தொடங்கினர். நரைக்குக் காத்திருக்க அம்மக்களுக்கு வசதியில்லை. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன என்று அக்காலத்து நிலையைக் குறிப்பிடுகிறார்கள். அவ்விருவரும் ஊர்தோறும் மூத்த பெண்களைத் தேர்ந்து உடல்நலப் பணிக்குப் பழக்கினர். இளம்பெண்களைச் செவிலித் தொழிலுக்குப் பயிற்றினர். கர்ப்பிணியின் வீட்டில் மூத்தவளின் சொல் ஏறும். மருத்துவமனையில் இளையவளின் கை உதவும். குழந்தை மரணம் பல மடங்கு குறைந்ததற்கு இச்சேர்க்கையும், ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் விடாமல் கணக்கெழுதிய சிரத்தையும் காரணம். அன்றைய இளைஞர்கள் இன்று மூத்தவர்களாகி, புதிதாக வரும் மருத்துவர்களைப் பழக்குகிறார்கள்.

ஆகவே மருத்துவரைத் தேர்பவர், அவர் வயதைக் காட்டிலும் மூன்று காரியங்களைக் கவனிப்பது பிரயோஜனமானது. நாம் சொல்வதை முழுவதும் கேட்கிறாரா? எந்த மருந்து எதற்கு என்று விளக்குகிறாரா? தம் சக்திக்கு மீறியதை இன்னாரிடம் காட்டுங்கள் என்று தயங்காமல் அனுப்புகிறாரா? அறுவைக்குச் செல்பவர், இதனைத் தாங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்ளட்டும். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்று மருத்துவர்க்குரிய 2002-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. அந்த அளவோடு நில்லாமல் கற்பவரே கைராசிக்கு உரியவர். நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு: குணமானாலும் ஆகாவிட்டாலும் திரும்பிச் சென்று சொல்ல வேண்டும். மருத்துவரை உண்மையில் அநுபவசாலி ஆக்குவது அந்தச் சொல்தான்.